எட்டாம் இலக்கக்காரர் கோட்டுக்கு வெளியே நின்றபோது

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைக்குப் பின்னால், சவுக்கு மரங்களை ஒட்டிய மணல்வெளியில், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கி வருகிறேன். சென்ற சனிக்கிழமை பயிற்சி முடிந்து பந்துகளை வலைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், 1994ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காலிறுதியில் பல்கேரியாவின் ஹிரிஸ்டோ ஸ்டொய்ச்கோவ் அடித்த ஒரு ப்ரீ கிக்கைக் கைத்தொலைபேசியில் அவர்களுக்குக் காட்டினேன். மூன்று நான்கு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எங்கள் அணியின் இடப்பக்க முன்கள வீரனாக விளையாடும் சிறுவன் மட்டும் தொலைபேசியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, "மறுகா இவர் கோச்சா வந்து எத்தனை கப் எடுத்தவர், சேர்?" என்று கேட்டான். லீக் பட்டம் ஒன்றும் இல்லை மனே என்றேன். அவன் முகத்தில் அந்தப் பதில் ஒட்டவே இல்லை. இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் பழக்கிய அணி எப்படித் தோற்கும் என்பது அவனுடைய கணக்கு. நானும் பல ஆண்டுகளாக அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். மணலில் நின்றுகொண்டு இரண்டு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய விடயமாக அது எனக்குப் படவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஸ்டொய்ச்கோவ் 1966 பெப்ரவரி 8ஆம் திகதி பல்கேரியாவின் பிளோவ்டிவ் நகரில் பிறந்தவர். அந்நகரின் மாரிட்சா கழகத்தில் சிறுவனாகப் பழகி, பின்னர் ஹர்மன்லி என்ற ஊரின் ஹெப்ரோஸ் கழகத்துக்காக ஆடிக்கொண்டிருந்தவரை, 1984இல் தலைநகர் சோபியாவின் சி.எஸ்.கே.ஏ. கழகம் எடுத்துக்கொண்டது. அக்காலத்தில் சி.எஸ்.கே.ஏ. இராணுவத்தின் கழகம், அதன் பரம வைரியான லெவ்ஸ்கி உள்துறை அமைச்சைச் சார்ந்த கழகம். இந்த இரண்டு அணிகளும் மோதும்போது மைதானத்துக்குள் இருந்த சூடு வெறும் விளையாட்டின் சூடு அல்ல என்பதை நான் விளக்கத் தேவையில்லை. 1985 ஜூனில் இவ்விரு கழகங்களும் சந்தித்த பல்கேரியக் கிண்ண இறுதிப்போட்டி கைகலப்பில் முடிந்தது. சி.எஸ்.கே.ஏ. 2-1 என்று வென்றிருந்தும் கிண்ணத்தைப் பற்றிப் பேச எவரும் இருக்கவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழுவே தலையிட்டு இரண்டு கழகங்களையும் கலைத்து, வேறு பெயர்களில் மீண்டும் அமைத்தது. சில வீரர்களுக்கு வாழ்நாள் தடை விதித்தது. அவர்களுள் ஒருவர் பத்தொன்பது வயது ஸ்டொய்ச்கோவ். எதிரணியான லெவ்ஸ்கியின் பந்துக் காப்பாளர் பொரிஸ்லாவ் மிகாய்லோவும் அதே தண்டனைக்கு ஆளானார். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னர் இரண்டு இடங்களில் அவர் திரும்ப வருகிறார்.

தடை மறு ஆண்டே நீக்கப்பட்டது. அதன் பிறகு சி.எஸ்.கே.ஏ.யில் உருவான முன்களம்தான் பல்கேரிய உதைபந்தாட்டத்தின் திசையை மாற்றியது. பயிற்றுநர் டிமிடார் பெனெவ். முன்னால் ஆடியவர்கள் ஸ்டொய்ச்கோவ், எமில் கொஸ்தாடினோவ், பயிற்றுநரின் உடன்பிறப்பின் மகனான லூபோஸ்லாவ் பெனெவ் ஆகிய மூவர். 1988-89 பருவத்தில் கிண்ண வெற்றியாளர்களுக்கான ஐரோப்பியக் கிண்ணத் தொடரின் அரையிறுதியில் இந்த அணி பார்சிலோனாவைச் சந்தித்தது. காம்ப் நூ மைதானத்தில் 4-2, சோபியாவில் 2-1 என இரண்டு ஆட்டங்களிலும் பார்சிலோனாவே வென்றது. ஆனால் தோற்ற அணியின் மூன்று கோல்களையும் அடித்தவர் ஒரே ஆள், ஸ்டொய்ச்கோவ். எதிரே பயிற்றுநர் இருக்கையில் இருந்த யொஹான் குரைஃப் அன்றே அவரைக் குறித்து வைத்துக்கொண்டார். மறு பருவத்தில் பல்கேரிய லீக்கில் 30 ஆட்டங்களில் 38 கோல்களை அடித்து, ரியல் மட்ரிட்டின் ஹூகோ சான்செஸோடு, அதிக லீக் கோல் அடித்தவருக்கான ஐரோப்பியத் தங்கக் காலணியைப் பகிர்ந்துகொண்ட ஸ்டொய்ச்கோவ், 1990இல் பார்சிலோனாவுக்குப் போனார்.

போன சில மாதங்களிலேயே, அந்த ஆண்டு டிசம்பரில், ரியல் மட்ரிட்டுக்கு எதிரான சுப்பர் கிண்ண ஆட்டத்தில் நடுவர் குரைஃபை வெளியேற்றியதைப் பொறுக்காமல் வாதாடி, தானும் சிவப்பு அட்டை வாங்கி, நடுவரின் காலையும் மிதித்துவிட்டார். தடை இறுதியில் இரண்டு மாதங்களோடு நின்றது. எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் நடுவரின் உடலில் கை பட்டாலே அந்த ஆண்டு முழுவதும் ஒருவன் சப்பாத்துக் கட்ட முடியாது. அந்த வழக்கத்தில் வளர்ந்த எனக்கு இதை நியாயப்படுத்தும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. ஆயினும் அவருடைய ஆட்டத்தையும் அவருடைய கோபத்தையும் கத்தரித்துப் பிரித்தெடுக்க முடியாது என்பதும் உண்மை. பல்கேரியர்கள் அவரைக் குத்துவாள் என்ற பொருளில் கமாடா என்று அழைத்தார்கள்.

அவர் எப்படி ஆடினார் என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இன்றைய பிள்ளைகள் கோல்களை மட்டுமே துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள். இடப்பக்கக் கோட்டோரம் நிற்பார். வலப்பக்கப் பின்கள வீரனின் முதுகுக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தை நோக்கிக் குறுக்காக ஓடத் தொடங்குவார். அந்த ஓட்டம், பந்து வருவதற்கு முன்பே, பந்தை வைத்திருப்பவன் தலையை நிமிர்த்துவதற்கும் முன்பே தொடங்கிவிடும். மைக்கேல் லவுட்ரூப் போன்ற ஒருவர் நடுவில் இருந்ததால் அந்த ஓட்டம் வீணாகவில்லை. லவுட்ரூப் பார்க்காத பக்கமாகப் பந்தைத் தள்ளுவார், ஸ்டொய்ச்கோவ் அங்கே இருப்பார். காலைப் பின்னுக்கு இழுக்கும் தூரம் மிகக் குறைவு. மற்றவர்கள் அடிப்பதற்கு ஆயத்தமாகும் நேரத்துக்குள் அவருடைய இடது கால் அடித்து முடித்திருக்கும். இதைச் சொற்களில் எழுதிவிடலாம். ஒரு பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது என்று கேட்டால், ஓட்டத்தின் கோணத்தைக் கற்பிக்கலாம், அந்த முதல் அரை வினாடியைக் கற்பிக்க முடியாது என்றுதான் சொல்வேன்.

1991 முதல் 1994 வரை பார்சிலோனா தொடர்ச்சியாக நான்கு முறை ஸ்பெய்ன் லீக்கை வென்றது. 1992 மே 20ஆம் திகதி வெம்ப்ளி மைதானத்தில் சம்ப்டோரியாவை மேலதிக நேரத்தில் 1-0 என வென்று முதன்முதலாக ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தது. அந்த ஒரே கோலை ரொனால்ட் கூமன் ப்ரீ கிக்கில் அடித்தார். அந்த ப்ரீ கிக்கில் பந்தை முதலில் தொட்டு நகர்த்தியவர் ஸ்டொய்ச்கோவ். 1993-94இல் ரொமாரியோ வந்து 30 லீக் கோல்களை அடித்த பருவத்தில் இவரும் 16 கோல்களை அடித்தார். அந்தப் பருவத்தின் ஐரோப்பிய இறுதிப்போட்டியில் ஏதென்ஸ் நகரில் ஏசி மிலானிடம் 4-0 என்று நொறுங்கிப்போய், அந்தக் காயத்தோடுதான் அவர் அமெரிக்காவுக்கு உலகக் கிண்ணம் ஆடப் போனார்.

பல்கேரியா அங்கே போனதே ஒரு நூலிழையில்தான். 1993 நவம்பர் 17ஆம் திகதி பாரிஸில் பிரான்ஸுக்கு ஒரு சமநிலை போதுமாக இருந்தது. கொஸ்தாடினோவ் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் தனது இரண்டாவது கோலை அடித்து அந்த நாட்டையே வாயடைக்கச் செய்தார். அதற்கு முன்னர் ஐந்து உலகக் கிண்ணங்களில் 16 ஆட்டங்கள் ஆடியிருந்த பல்கேரியா ஒன்றில்கூட வென்றதில்லை. அமெரிக்காவிலும் முதல் ஆட்டத்தில் நைஜீரியாவிடம் 3-0 எனத் தோற்றது. பிறகு கிரேக்கத்தை 4-0, ஆர்ஜன்டீனாவை 2-0 என வென்று, இரண்டாம் சுற்றில் மெக்சிக்கோவைப் பெனால்டி உதைகளில் வெளியேற்றியது. அந்த உதைகளைத் தடுத்துக்கொண்டு நின்ற அணித்தலைவர், 1985இல் எதிரணியில் நின்று அதே வாழ்நாள் தடையை வாங்கிய மிகாய்லோவ்.

அப்போது எனக்கு வயது பதின்மூன்று. ஆரையம்பதியில் இருந்த மாமாவின் வீட்டில் பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி ஒன்று இருந்தது. பொழுது சாய்ந்தால் வீதியில் நடமாட்டமில்லாத காலம் அது. போட்டி பார்க்க வேண்டுமென்றால் பின்னேரமே போய்விட வேண்டும், அங்கேயே படுத்து எழும்பி விடிந்த பிறகுதான் வீடு திரும்ப வேண்டும். மின்சாரம் இல்லாததால் மாமா தனது உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்திருந்தார். ஜூலை 10ஆம் திகதி, எங்கள் நேரம் இரவு ஒன்பதரைக்கு, ஜேர்மனியும் பல்கேரியாவும் ஆடத் தொடங்கின. ஜேர்மனி நடப்புச் சம்பியன். நான் உட்பட அங்கிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் ஜேர்மனியின் பக்கம்தான் இருந்தோம். மாமா மட்டும், "அந்த எட்டாம் நம்பர்க்காரன்ட காலைப் பாத்துக்கொண்டிருங்கடா" என்றார்.

இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில் ஜேர்மனியின் மத்தேயுஸ் பெனால்டியில் கோல் அடித்தார். பற்றரி இறங்க இறங்கப் படம் இரண்டு பக்கமும் சுருங்கத் தொடங்கியது. மாமி விசிறியால் பூச்சிகளை ஓட்டிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்தாவது நிமிடத்தில் பல்கேரியாவுக்கு ப்ரீ கிக் கிடைத்தபோது திரையின் இரு ஓரங்களிலும் கறுப்புப் பட்டை விழுந்து, நடுவில் ஒரு சாண் அகலத்துக்கே படம் தெரிந்தது. அந்த ஒரு சாணுக்குள் வீரர்கள் எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாக நின்றார்கள். ஸ்டொய்ச்கோவ் சில அடிகள்தான் ஓடினார். பந்து சுவருக்கு மேலால் எழும்பி, வளைந்து, இறங்கியது. பந்துக் காப்பாளர் இல்க்னர் ஓரடி அசைந்ததாகவும் எனக்கு நினைவில்லை. நாங்கள் கத்தி முடிப்பதற்குள், மூன்று நிமிடங்கள் கழித்து, வலப்பக்கமிருந்து யான்கோவ் அனுப்பிய பந்தை மொட்டைத் தலை லெச்கோவ் பாய்ந்து தலையால் முட்டி வலைக்குள் போட்டார். மீதி ஆட்டத்தை நாங்கள் பார்க்கவில்லை, கேட்டோம். படம் முழுதாக அணைந்து ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது. எண்பது இலட்சம் பேர் சொச்சம் உள்ள நாடு ஜேர்மனியை வீட்டுக்கு அனுப்பியதை நான் அப்படித்தான் இருட்டில் இருந்து அறிந்துகொண்டேன்.

அரையிறுதி எங்கள் நேரத்தில் அதிகாலை ஒன்றரை மணிக்கு. இத்தாலியின் ரொபேர்ட்டோ பாஜியோ இரண்டு கோல்களை அடிக்க, ஸ்டொய்ச்கோவ் பெனால்டியில் ஒன்றைத் திருப்ப, 2-1 என்று முடிந்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சுவீடனிடம் 4-0 எனத் தோற்று பல்கேரியா நான்காம் இடத்தைப் பெற்றது. ஆறு கோல்களுடன் ரஷ்யாவின் ஒலெக் சலென்கோவோடு அந்த உலகக் கிண்ணத்தின் தங்கக் காலணியைப் பகிர்ந்த ஸ்டொய்ச்கோவுக்கு, அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஐரோப்பியத் தங்கப் பந்தும் கிடைத்தது. இன்றுவரை அந்த விருதைப் பெற்ற ஒரே பல்கேரியர் அவர்தான்.

அதற்குப் பிறகான ஆட்டக்காலத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். ஒரு பருவம் இத்தாலியின் பார்மாவில், மீண்டும் பார்சிலோனாவில், சொற்ப காலம் சி.எஸ்.கே.ஏ., சவூதியின் அல் நஸ்ர், ஜப்பானின் கஷிவா ரெய்சோல். 2000 முதல் அமெரிக்காவின் சிகாகோ ஃபயர். கடைசியாக 2003இல் டி.சி. யுனைட்டெட். நாட்டுக்காக 83 ஆட்டங்களில் 37 கோல்கள். அந்தக் கடைசி ஆண்டில், வாஷிங்டனில் ஒரு பல்கலைக்கழக அணியோடு ஆடிய பயிற்சிப் போட்டியில் அவர் காலை வீசிப் பந்தைப் பறிக்கப்போய், ஒரு மாணவனின் கால் எலும்பு முறிந்தது. முப்பத்தேழு வயதில், எந்தக் கிண்ணமும் இல்லாத ஒரு பயிற்சி ஆட்டத்தில் நடந்தது இது. அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்றாலும், இந்த இடத்தை நான் தாண்டிப் போவதில்லை. பத்தொன்பது வயதில் அவரை முன்னே தள்ளிய அதே தீ, அணைக்க வேண்டிய வயதிலும் அணையாமல் இருந்தது. அப்படியே அவர் பயிற்றுநர் இருக்கைக்கு வந்தார்.

நாடுகளுக்கான 2004 ஐரோப்பியக் கிண்ணத்துக்குப் பிறகு பல்கேரியத் தேசிய அணியை அவரிடம் கொடுத்தார்கள். 2006 உலகக் கிண்ணத்துக்கு அந்த அணி தகுதி பெறவில்லை. அணித்தலைவர் ஸ்டிலியான் பெட்ரோவ், இவரின் கீழ் ஆட முடியாது என்று 2006இல் விலகிப் பின்னர் திரும்பி வந்தார். 2007 மார்ச்சில் அல்பேனியாவோடு சொந்த மண்ணில் கோல் எதுவுமில்லாமல் சமநிலை. ஏப்ரலில் பதவி விலகல். அதே மாதத்தில் ஸ்பெய்னின் செல்டா விகோ கழகம், தரமிறங்கும் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த நிலையில், அவரை அழைத்தது. காப்பாற்ற முடியவில்லை. செல்டா இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஒக்டோபரில் அவரும் போனார். 2009-10 பருவத்தில் தென்னாபிரிக்காவின் மமெலோடி சன்டவுன்ஸைப் பயிற்றுவித்தபோது அந்தக் கழகம் லீக்கில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. பயிற்றுநராக அவர் காட்டிய சிறந்த பருவம் அதுவே என்பது என் எண்ணம்; அது அதிகம் பேசப்படாததில் எனக்கு வருத்தமும் உண்டு. 2012 ஜனவரியில் பல்கேரியாவின் லிடெக்ஸ் லொவெச் கழகத்துக்கு வந்து 2013 வரை இருந்தார். அந்தக் கோடையில், தன்னை உருவாக்கிய சி.எஸ்.கே.ஏ.யின் பயிற்றுநர் பொறுப்பை ஏற்றார். பணமுடையிலும் உரிமையாளர் மாற்றத்திலும் தத்தளித்துக்கொண்டிருந்த அந்தக் கழகத்தோடு ஏறக்குறைய ஒரு மாதத்தில் உறவு முறிந்தது.

இவ்வளவுதான் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் சொல்லலாம். செல்டாவை எடுத்தபோது பருவம் முடிய ஏறக்குறைய இரண்டு மாதங்களே இருந்தன. லிடெக்ஸில் இருந்த காலத்தில் லுடோகொரெட்ஸ் என்ற புதிய பணக்காரக் கழகம் எழும்பி, பல்கேரிய லீக்கைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. பொறுமையான நிருவாகம் ஒன்றின் கீழ் மூன்று ஆண்டுகள் அவரை இருக்க விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனாலும், காரணங்களையெல்லாம் கழித்த பிறகும் ஏதோ ஒன்று மீதியாக நிற்கிறது. அது என்னவென்பதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன், நான் விளையாடுவதை நிறுத்திய புதிதில், எங்கள் பக்கத்து ஊர்க் கழகம் ஒன்றின் இளையோர் அணியைப் பொறுப்பேற்றிருந்தேன். நானும் என் காலத்தில் முன்கள வீரன். வெபர் மைதானத்தில் கோல் அடித்த நாட்களும் உண்டு. ஒரு சுற்றுப்போட்டியின் அரையிறுதியில், பந்துக் காப்பாளன் விழுந்து கிடக்க, திறந்த கோலுக்கு முன்னால் எங்கள் பையன் ஒருவன் பந்தைக் கம்பத்துக்கு வெளியே அடித்துவிட்டான். கோட்டுக்கு வெளியே நின்ற நான், பார்வையாளர்கள் எல்லோரும் கேட்கும்படி, இதைக்கூட அடிக்கத் தெரியாதா என்று கத்தினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் சப்பாத்தைக் கழற்றி, மண்ணைத் தட்டி, கழகத்தின் சப்பாத்து என்பதால் வேப்ப மரத்தடியில் ஒழுங்காக வைத்துவிட்டு வெறுங்காலோடு போனான். அடுத்த பயிற்சிக்கும் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. மூன்றாம் வாரம் வீட்டுக்குப் போனேன். அவனுடைய தாய் கதிரை எடுத்துப் போட்டு, தேநீரும் தந்து, "அவன் தகப்பனோட கடலுக்குப் போறான் சேர், இனி விளையாட்டு வேணாமாம்" என்றார். அந்தப் பிள்ளையிடம் திறமை இருந்தது. எனக்கு அந்த வயதில் யோசிக்காமலே வந்த ஒன்று அவனுக்கு யோசித்துத்தான் வந்தது. அந்த வேறுபாட்டைக் குற்றமாக நினைத்தவன் நான்.

ஸ்டொய்ச்கோவும் தேசிய அணியின் ஆட்டக்காரர்களைப் பார்த்தபோது இதைத்தான் செய்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவருடைய முதல் அரை வினாடியை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஆகவே கற்பிக்கும் வழியும் அவரிடம் இருந்திருக்காது. தன்னைக் கோபமூட்டினால் இன்னும் நன்றாக ஆடக்கூடிய மனிதர் அவர். மற்றவர்களும் அப்படித்தான் என்று நம்பியிருக்கலாம். பெரும்பாலான பிள்ளைகள், பெரும்பாலான மனிதர்கள், கோபமூட்டினால் சுருங்கிப்போகிறார்கள்.

இந்த எண்ணம் என்னுள் உறுதிப்பட்டதற்கு லூபோஸ்லாவ் பெனெவ் ஒரு காரணம். சி.எஸ்.கே.ஏ.யின் அந்த மூவரில் ஒருவராக ஆடி, 1989இல் ஸ்பெய்னின் வலென்சியாவுக்குப் போனவர் அவர். 1994இல் நண்பர்கள் அமெரிக்காவில் வரலாறு எழுதிக்கொண்டிருந்தபோது அவர் அங்கே இல்லை. விதைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். குணமாகித் திரும்பி, 1995-96 பருவத்தில் அத்லெடிகோ மட்ரிட்டுக்காக 16 லீக் கோல்களை அடித்து, லீக்கும் கிண்ணமும் ஒரே ஆண்டில் அந்தக் கழகத்துக்கு வந்ததில் பங்காளியானார். அந்த அணியில் இவரோடு ஆடிய டியேகோ சிமியோனே பின்னாளில் அதே கழகத்தின் பயிற்றுநராக என்ன செய்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். பெனெவ் முதலில் சி.எஸ்.கே.ஏ.யைப் பயிற்றுவித்து, 2010-11 பருவத்தின் தொடக்கத்தில் லிடெக்ஸை எடுத்து, அந்தப் பருவமே பல்கேரிய லீக்கை வென்று கொடுத்தார். 2011 இறுதியில் தேசிய அணிக்கு அவரை அழைத்ததால் அந்த இருக்கை காலியானது. சில வாரங்களில் அதில் வந்து அமர்ந்தவர்தான் ஸ்டொய்ச்கோவ். தேசிய அணியையும் பெனெவ் ஓரளவு நிமிர்த்தினார். 2012 செப்டம்பரில் சோபியாவில் இத்தாலியோடு 2-2 என்று நின்ற ஆட்டம் நீண்ட நாட்களுக்குப் பிறகு பல்கேரியர்களைத் தலை நிமிர வைத்தது. 2014 உலகக் கிண்ணத்துக்கு அவராலும் அணியைக் கொண்டுசேர்க்க முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரே கழகத்தில், ஒரே பயிற்றுநரின் கீழ், ஏறக்குறைய ஒரே வயதில் வளர்ந்த இரண்டு முன்கள வீரர்கள். பெரிய ஆட்டக்காரர் யார் என்பதில் விவாதமே இல்லை. ஆனால் ஒருவர், தனது நாட்டின் மிகப் பெரிய கோடையை விளையாடாமல், உடல் ஒத்துழைக்காமல், மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். கோட்டுக்கு வெளியே நிற்பதென்றால் என்னவென்று அவருக்கு இருபத்தேழு வயதிலேயே தெரிந்திருந்தது. இது என்னுடைய வாசிப்புத்தான். வேறு விதமாகப் பார்ப்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

ஸ்டொய்ச்கோவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாவிட்டால் இந்தப் பதிவு அவருக்கு அநியாயம் செய்ததாகும். 2019 ஒக்டோபர் 14ஆம் திகதி சோபியாவில் இங்கிலாந்துக்கும் பல்கேரியாவுக்கும் நடந்த ஆட்டத்தில், பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் இங்கிலாந்தின் கறுப்பின வீரர்களைப் பார்த்துக் குரங்கு ஒலி எழுப்பினார்கள், நாசிகளைப் போலக் கை நீட்டினார்கள். ஆட்டம் இரண்டு முறை நிறுத்தப்பட்டது; இங்கிலாந்து 6-0 என வென்றது. அமெரிக்காவில் ஒரு ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியில் ஆய்வாளராக அமர்ந்திருந்த ஸ்டொய்ச்கோவிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் பேச முயன்று, தொண்டை அடைத்து, ஒளிபரப்பிலேயே அழுதார். மைதானத்துக்குள் ரசிகர்களை விடக் கூடாது, இன்னும் கடுமையான தண்டனை வேண்டும், இந்தத் துன்பத்தை எந்த மனிதரும் அனுபவிக்கக் கூடாது என்றார். மறுநாள் பல்கேரிய உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவர் பதவி விலகினார். அந்தத் தலைவர், மிகாய்லோவ். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே ஆட்டத்தில் ஒரே தண்டனை வாங்கிய இரண்டு பேர், ஒருவர் கண்ணீரோடும் மற்றவர் விலகல் கடிதத்தோடும் அந்த வாரம் நின்றார்கள். குத்துவாள் என்று பெயர் எடுத்தவரின் கண்ணீரை நான் இந்தக் கடற்கரையில் இருந்து கைத்தொலைபேசியில் பார்த்தேன். இன மொழிப் பேதத்தின் பெயரால் மனிதரை மனிதர் கேவலப்படுத்துவதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அழுகையை விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நேற்றைய பயிற்சியில் ஐந்து பிள்ளைகளைச் சுவராக நிறுத்தி, பந்தை இருபது அடி தூரத்தில் வைத்து, அந்த இடப்பக்கச் சிறுவனை அடிக்கச் சொன்னேன். முதல் உதை சுவரில் நின்றவனின் வயிற்றில் பட்டது. இரண்டாவது சவுக்குத் தோப்புக்குள் போனது. ஏழாவது எட்டாவது உதைகளில் பந்து எழும்பத் தொடங்கியது, ஆனால் இறங்கவில்லை. அவன் ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஊன்றும் வலது காலைப் பந்துக்கு இன்னும் ஒரு கை கிட்டவாக வை என்று ஒரேயொரு முறை சொல்லிவிட்டு, கோட்டுக்கு வெளியே போய் மணலில் உட்கார்ந்துகொண்டேன். இருட்டும் வரைக்கும் அடித்தான். இரண்டு பந்துகள் வலைக்குள் இறங்கின. தோப்புக்குள் போனவற்றைச் சுவரில் நின்ற பிள்ளைகளே ஓடி ஓடி எடுத்து வந்து கொடுத்தார்கள்.